வெட்டி ஒட்டின நிலா

உந்த வலப்பக்கத்து லைற்றைக் கொஞ்சம் பின்னுக்கு இழும் பிள்ளை… இல்லையில்லை, அவ்வளவு இல்லை… ஆ, அதுதான். இல்லாட்டி என்ர மூக்கின்ர நிழல் சொண்டிலை விழும். பாஸ்போட் ஒஃபிசிலை இருக்கிறவன் மீசை எண்டு நினைப்பான். நான் சொல்லுறன் எண்டு கோவிக்காதையும். நானும் உந்தத் தொழில்தான். பிளேஸ்டோவிலை ஆனந்த் ஸ்ரூடியோ எண்டு கேள்விப்பட்டிருப்பீர்… கேள்விப்படேல்லையோ? முழு லண்டனுக்கும் தெரியுமே! சரி, தோர்ண்டன் ஹீத் ஆக்கள் தேம்ஸ் ஆத்துக்கு இந்தப் பக்கம். விடும்.

என்ன, வாயை மூடட்டோ? ஓமோம். வாய் மூடியிருக்கோணும், பல்லுத் தெரியக் குடாது, சிரிக்கக் குடாது. எனக்கே சொல்லித் தாறீர்! எத்தினை பேரின்ர வாயை நான் மூடப்பண்ணி எடுத்தனான். கைக்குழந்தையளின்ர வாயையே மூடப்பண்ணினனான். இந்தா, மூடிட்டன். எடும்.

…பொறும், பொறும், எடுக்காதையும்! பின்னுக்குத் தொங்கிற துணி வெள்ளையோ? வெள்ளைக்கு அவங்கள் திருப்பி அனுப்பிடுவாங்கள் எல்லே. கிறீம் வைக்கோணும், இல்லாட்டி வெளிறின சாம்பல். …ஓ, சாம்பலோ அது? கண்ணாடியைக் கழட்டச் சொன்னீர், எனக்கு இப்ப எல்லாம் வெள்ளைதான். உம்மட மூஞ்சியே வெள்ளைக்காரி மாதிரித்தான் தெரியுது. சரி, சரி. மூடுறன்.

என்ன அது, மின்னிட்டுதோ? நான் கதைச்சுக்கொண்டெல்லே இருந்தன்! அழியும், அழியும். வாயைப் பிளந்துகொண்டு நிப்பன் அதிலை.

உமக்கு யோசினை வரும், ஸ்ரூடியோ வைச்சிருக்கிற மனிசன் ஏன் ரெண்டு பஸ், ஒரு ரெயின் மாறி வந்து இன்னொராளின்ர ஸ்ரூலிலை குந்தியிருக்கிறான் எண்டு. காரணம் இருக்கு. என்ர ஸ்ரூடியோவிலை நான் கதிரையிலை இருந்தால் பட்டனை அமத்திறது ஆர்? என்ர மனிசி பாலாம்பிகை. அமத்திறதுக்கு முதல் அவ கேப்பா, இந்தப் படம் என்னத்துக்கு எண்டு. பாஸ்போட்டுக்கு எண்டால், பாஸ்போட் என்னத்துக்கு எண்டு கேப்பா. பன்ரெண்டு வருசமா ஒரு இடமும் போகாமல் பாஸ்போட்டை முடிய விட்ட மனிசனுக்கு இப்ப என்ன அவசரம் எண்டு கேப்பா. பாலாம்பிகைக்கு ஒண்டு தெரிஞ்சால் அண்டைக்குப் பொழுதுபடமுதல் நியூசிலாந்துக்குத் தெரியும். நியூசிலாந்துக்குத் தெரியக் குடாது. அதுக்குத்தான் இஞ்சை வந்தனான்.

நியூசிலாந்திலை ஆரோ? வேறை ஆர், என்ர தங்கச்சி. எல்லாம் அவளாலை வந்த வினை. கூடப் பிறந்தது அவள் ஒருத்திதான். சுலோ. அவளின்ர மனிசன் கிருஷ்ணராசாவுக்கு அங்கை ஆஸ்பத்திரியிலை வேலை. நியூசிலாந்து எண்டால் நீர் நினைக்கிற நியூசிலாந்து இல்லை. அதின்ர தெற்கு வால். அதுக்கங்காலை கடல், கடலுக்கங்காலை பனிக்கட்டி, வேறை ஒண்டுமில்லை. ஒரு மரக்கறி கத்தரிக்காய் வாங்க ஏலாதாம். அப்பிடிப்பட்ட இடத்திலை போய் இருந்தால் மனிசர் என்ன செய்வினம்? வானத்தைப் பாப்பினம். பாத்தாள்.

அரோரா எண்டு சொல்லுறது. கேள்விப்பட்டிருப்பீர், நோர்வே ஆக்கள் அடிக்கடி சொல்லுவினம், வானத்திலை பச்சையும் சிவப்புமா வெளிச்சம் சீலை மாதிரி ஆடும். அது வடக்கிலை. அதே மாதிரி தெற்கு முனையிலையும் ஆடுமாம். எனக்கும் தெரியாது, சுலோ சொல்லித்தான் தெரியும். அதைப் படம் எடுக்கப்போறன் எண்டு வெளிக்கிட்டாள். ஆர் கமரா வாங்கிக் குடுத்தது? கிருஷ்ணராசா. என்னட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லை பிள்ளை! வீட்டிலை ஒரு ஸ்ரூடியோக்காரன் இருக்கேக்கை, ஜேர்மனியிலை படம் கழுவுற லாபிலை கை நனைச்ச மனிசன் இருக்கேக்கை, என்ன கமரா, என்ன லென்ஸ் எண்டு ஒருக்கா போன் அடிச்சுக் கேக்கிறதுக்கென்ன? கடைக்காரப் பெடியனைக் கேட்டு வாங்கினாளாம். நான் கோவிக்கேல்லை. சும்மா சொல்லுறன்.

மூடிட்டன். எடும்.

…ஒரு விசயம். எடுக்கமுதல் ஒரு விசயம். அந்தப் படம் எடுக்கிறது லேசில்லை, அதை நான் ஒத்துக்கொள்ளுறன். நீரும் நானும் எடுக்கிற படத்துக்கு லைற் இருக்கு, மின்னும், முடிஞ்சுது. அவளின்ர படத்துக்குக் கமரா இருபது, முப்பது செக்கன் வாயைத் திறந்து வைச்சுக்கொண்டிருக்கோணும். எங்களுக்கு மனிசர் வாயை மூடோணும், அவளுக்குக் கமரா வாயைத் திறக்கோணும். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த முப்பது செக்கனும் முக்காலி அசையக் குடாது. கடற்கரைக் காத்துக்கு அசையாமல் நிக்குமோ? பாஸ்மதி அரிசி வாற பை இருக்கெல்லே, கைபிடி வைச்ச பை, அதுக்கை கடல் மண்ணைப் போட்டு முக்காலியின்ர நடுவிலை தூக்கிக் கட்டியிருக்கிறாள். ஒரு படத்திலை ஓரமா அந்தப் பை தெரிஞ்சுது. யானைப் படம் போட்ட பை. அதைக் கண்டு நான் சிரிச்சன். சிரிச்சனான்தான்.

இன்னும் ஒண்டு. இந்த வருசம் சூரியனுக்குச் சுகமில்லையாம். சூரியன் குழம்பினால்தான் அந்த வெளிச்சம் வருமாம், இந்த வருசம் அது நல்ல பிள்ளை மாதிரிக் கிடந்திட்டுதாம். அதாலை அவள் மாசக் கணக்கா ஓடியோடிப் பாத்து ஒண்டும் கிடைக்கேல்லை. வெறும் இருட்டைப் படம் எடுத்துப் பேஸ்புக்கிலை போடுவாள், இண்டைக்கும் இல்லை எண்டு எழுதுவாள். அதுக்கும் சனம் லைக்! வெறும் இருட்டுக்கு! நான் சவுத்தாலிலை எடுத்த கலியாணம், பொம்பிளை மாப்பிளையைத் தாமரைப் பூவுக்கு மேலை இருத்தி, பின்னுக்கு நீர்வீழ்ச்சி விழுத்தி, ஒரு கிழமை மினக்கெட்டுச் செய்து போட்டனான், அதுக்கு ஒரே ஒரு லைக். பாலாம்பிகை. அதுவும் நான் பக்கத்திலை நிண்டு சொல்லித்தான்.

என்ன சிரிப்பு? சிரியும், சிரியும். நீர் சிரிக்கலாம், உமக்கு ஆரும் பாஸ்போட் படம் எடுக்கேல்லை.

அப்ப ஆடி மாசம் ஒருநாள் கிடைச்சுது அவளுக்கு. சூரியன் ஒருக்காத் தும்மினதாக்கும். பத்துப் படம் போட்டாள். பிள்ளை, நான் தொழில்காரன், சும்மா வடிவு எண்டு சொல்லமாட்டன். வடிவு. கீழை பச்சை, அதுக்கு மேலை செவ்வரத்தம்பூ நிறத்திலை தூண் தூணா எழும்பி நிக்குது, கீழை ஈர மணலிலை அதே நிறம். நான் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்டப் போனன்.

உமக்குத் தெரியும்தானே, இந்த வருசம் வைகாசியிலை ஊரிலை சண்டை எல்லாம் முடிஞ்ச பிறகு எங்கட ஆக்களின்ர பேஸ்புக் பக்கமெல்லாம் எப்பிடிக் கிடந்தது எண்டு. எல்லாரும் தங்கட மூஞ்சியை எடுத்துப்போட்டுக் கறுப்பை வைச்சிருந்தவை. நானும்தான். பார்லிமென்ற் வாசலிலை நிண்டு கத்திக் கத்தித் தொண்டை கட்டினதுதான் மிச்சம், பேந்து ஆருக்கும் கதைக்கவும் மனமில்லை, கதை கேக்கவும் மனமில்லை. ஸ்ரூடியோவைத் திறந்துபோட்டுச் சும்மா குந்தியிருந்தன். அந்தக் கறுப்புக்கு நடுவிலை முதல் முதல் ஒரு நிறம் போட்டது அவள்தான். சனம் வந்து வந்து எழுதுது. கனடா, நோர்வே, பிரான்ஸ்… ஆரெண்டே தெரியாத சனமும் எழுதுது. ஒரு மனிசி எழுதியிருந்தா, கனநாளைக்குப் பிறகு இண்டைக்குத்தான் வானத்தைப் பாத்தனான் பிள்ளை எண்டு.

அதிலை… சரி, அதை விடும். படத்தை எடும்.

இல்லை, பொறும். சொல்லத் துவங்கினதைச் சொல்லிப்போட்டு மூடுறன், இல்லாட்டி என்ர மூஞ்சியிலை அது தெரியும். மூஞ்சியிலை ஒண்டும் தெரியக் குடாதெல்லே பாஸ்போட்டுக்கு.

அந்தப் பத்துப் படத்தோடை பதினோராவதா ஒரு நிலா போட்டிருந்தாள். பெரிய லென்சாலை கிட்டப் பிடிச்சு எடுத்த முழு நிலா. அதிலைதான் எல்லாம் துலைஞ்சுது. பிள்ளை, நிலாவைப் பற்றி எனக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. என்னட்டை ஒரு நிலா இருக்கு. ஜேர்மனியிலை இருக்கேக்கை ஒரு கலண்டரிலை கிடந்தது, அதை ஸ்கான் பண்ணி, ஓரம் வடிவா வெட்டி வைச்சிருக்கிறன். என்ர அல்பம் எல்லாத்திலையும் அந்த நிலாதான். எத்தினை கலியாணம், எத்தினை சாமத்திய வீடு, எல்லாத்துக்கும் அந்த ஒரு நிலாதான் காய்ஞ்சது. மத்தியானம் எடுத்த படத்துக்கும் நான் நிலாவை வைச்சனான். ஆரும் குறை சொன்னதில்லை. அதின்ர அடிப்பக்கத்திலை வெள்ளையா ஒரு பொட்டு, அதிலை இருந்து கோடு கோடா மேலை ஓடும், தோடம்பழத்தின்ர காம்படி மாதிரி. அதை நான் கண்ணை மூடிக்கொண்டு கீறுவன்.

சுலோவின்ர நிலாவிலை அந்தப் பொட்டு மேலை நிக்குது. உச்சியிலை! முழு நிலாவும் தலைகீழ்!

நீர் என்ன நினைப்பீர்? தொழில்காரர் என்ன நினைப்பினம்? எங்கையோ கிடந்த நிலாவை எடுத்து அவசரத்திலை மாறி ஒட்டிப்போட்டாள் எண்டுதானே? நிலா ஒட்டினது எண்டால், மற்றப் பத்தும்? எனக்குத் தெரியாத ஒட்டோ? அடுத்த வீட்டுக்காரன் தோசை சுடுற மணம் தோசை சுடுறவனுக்குத்தானே முதல் தெரியும். எழுதினன். எல்லாரும் பாக்க, அந்த நிலாவுக்குக் கீழை எழுதினன். "படங்கள் நல்லம். ஆனால் நிலா தலைகீழ். வெட்டி ஒட்டினது." அப்பிடி எழுதி, கீழை ஆனந்த் ஸ்ரூடியோ, பிளேஸ்டோ, லண்டன் எண்டு போட்டு, போன் நம்பரும் போட்டன். பழக்கதோசம்.

அவ்வளவுதான். சனம் திரும்பிட்டுது. கனடாவிலை எங்கட ஜீவரத்தினம் மாமா, அவருக்கு ஒரு சொல்லுக் கிடைச்சால் போதுமே, "ஆனந்தன் சொன்னால் சரியாத்தான் இருக்கும், அவன் தொழில்காரன்" எண்டு எழுதினார். பேந்து ஒவ்வொராளா, நானும் யோசிச்சனான், நானும் சந்தேகப்பட்டனான் எண்டு… முதல் நாள் ஆகா ஓகோ எண்டதும் அதே ஆக்கள்தான்! ஜீவரத்தினம் மாமா கேட்டார், நீ உந்தச் சிவப்பைக் கண்ணாலை கண்டனியோ பிள்ளை எண்டு. சுலோவுக்குப் பொய் வராது. சின்னனிலையும் வராது, அதாலைதான் நான் நெடுக அடி வாங்கினனான். எழுதினாள், "இல்லை மாமா, கண்ணுக்குச் சாம்பல் புகை மாதிரித்தான் தெரிஞ்சுது. இருட்டிலை எங்கட கண்ணுக்கு நிறம் பிடிபடாது. கமராதான் பிடிச்சது" எண்டு. நான் விடுவனோ? "பாத்தியளோ, தானே ஒத்துக்கொண்டிட்டாள்" எண்டு எழுதினன்.

அதுக்கு அவள் ஒண்டே ஒண்டுதான் எழுதினாள். "அண்ணை, நான் ஒட்டேல்லை."

அவ்வளவுதான். வேறை ஒரு சொல்லும் இல்லை. சண்டை பிடிச்சிருந்தாலாவது பரவாயில்லை. எனக்கு அதிலைதான் இன்னும் கோவம் ஏறினது. "தொழில் தெரிஞ்சவனுக்குக் கதை விடாதை" எண்டு எழுதிப்போட்டு, இனி உந்தக் கொமென்ற் ஒண்டும் என்ர கண்ணிலை படக் குடாதெண்டு அதிலை கிடந்த பட்டன் ஒண்டு ரெண்டை அமத்திப்போட்டு எழும்பினன். விடியப் பாக்கிறன், சுலோவைக் காணேல்லை! பேரை அடிச்சுத் தேடினாலும் ஆள் இல்லை. என்னை மறைச்சுப்போட்டாள் பிள்ளை. சொந்த அண்ணனை! ஒரு பகிடி தாங்க ஏலாத ஆக்கள் என்னத்துக்குப் பேஸ்புக்குக்கு வருகினம்?

நீர் என்ன கொம்பியூட்டரிலை தட்டுறீர்? நான் இஞ்சை தொண்டை வறளக் கதைக்கிறன்… ஓ, பேரோ? ஆனந்தராஜா. என்ன, தங்கச்சியின்ர முழுப் பேரோ? பாஸ்போட் படத்துக்கு அவளின்ர பேர் என்னத்துக்கு? சுலோச்சனா கிருஷ்ணராசா. இப்ப என்னென்ன கேக்கிறாங்களோ, கடவுளே.

போன் எடுத்தாள்தான். இல்லையெண்டு சொல்லேல்லை. ஸ்ரூடியோவுக்கு எடுத்தாள். நான் பாலாம்பிகைக்குக் கையைக் காட்டினன், ஆள் இல்லை எண்டு சொல்லும் எண்டு. பேந்தும் எடுத்தாள், பேந்தும் கையைக் காட்டினன். பாலாம்பிகை போனைப் பொத்திக்கொண்டு என்னை ஒரு பார்வை பாத்தா, அதைப் படம் எடுத்து வாசலிலை வைச்சால் பிள்ளையள் பயத்திலை குசினிக்குள்ளை போகாதுகள். அதுக்குப் பிறகு சுலோ எடுக்கேல்லை. நான் நினைச்சன், பிடிபட்டிட்டாள், வெக்கத்திலை விட்டிட்டாள் எண்டு.

அதுக்குப் பிறகு நடந்ததைக் கேளும். ஒரு பெட்டை பெரியபிள்ளையான சாமத்திய வீட்டு அல்பம். தாய் தகப்பன் வந்து பாத்துப்போட்டு நல்லம் எண்டிட்டினம். அவையோடை மெல்பேணிலை இருந்து வந்த ஒரு சித்தியும் வந்து நிண்டவ. பெட்டையை ஊஞ்சலிலை இருத்தி, மேலை என்ர நிலாவை வைச்சிருந்தன். அந்த மனிசி கழுத்தை இப்பிடிச் சரிக்கிறா, அப்பிடிச் சரிக்கிறா, பேந்து அல்பத்தையே பிடிச்சுத் திருப்புறா. "அண்ணை, நிலாவை ஏன் தலைகீழா ஒட்டியிருக்கிறியள்?" எண்டு கேட்டா.

எனக்குச் சிரிப்பு வந்துது. தலைகீழோ? அக்கா, இருவது வருசமா நான் வைக்கிற நிலா எண்டன். "இல்லையண்ணை, எங்கட பக்கம் இந்த வெள்ளை மேலைதான் நிக்கும், நான் நெடுகப் பாக்கிறனான். இது நாடியிலை பொட்டு வைச்ச மாதிரிக் கிடக்கு" எண்டு சொல்லிப்போட்டு அவ அடுத்த பக்கத்தைத் திருப்பிட்டா. அவவுக்கு அது ஒரு விசயமே இல்லை. நான் அந்தப் பக்கத்துக்கே திரும்பிப் போய், அவ பிடிச்ச மாதிரி அல்பத்தைத் திருப்பிப் பிடிச்சுப் பாத்தன். "எங்கட பக்கம்" எண்டாவெல்லே… மெல்பேணும் சுலோ இருக்கிற பக்கம்தானே?

அவையள் போனோடனை ஸ்ரூடியோவைப் பூட்டிப்போட்டு லைப்ரரிக்குப் போனன். பெரியாக்களின்ர புத்தகம் எனக்கு விளங்காது, சின்னப்பிள்ளையளின்ர பக்கம் போனன். அந்தக் குட்டிக் கதிரையிலை முழங்கால் நாடியிலை முட்ட இருந்து, கலர் படம் போட்ட ஒரு புத்தகத்தைத் திறந்தால், நடுப்பக்கத்திலை கிடக்கு. ஒரு உருண்டை. அதுக்கு மேலை ஒரு பெடியன் நிக்கிறான். கீழை ஒரு பெட்டை நிக்கிறாள், அவளின்ர தலை கீழை, கால் எங்கட பக்கம். ரெண்டு பேரும் ஒரே நிலாவைத்தான் பாக்கினம். ஒராளுக்கு நேர், மற்றாளுக்குத் தலைகீழ். பக்கத்திலை இருந்த ஒரு சின்னப் பெட்டை தன்ர புத்தகத்தை விட்டுப்போட்டு என்னைப் பாத்துக்கொண்டிருந்தது. கிழவனுக்கு என்ன நடந்தது எண்டு நினைச்சிருக்கும்.

அவள் ஒட்டேல்லை பிள்ளை.

இரவிரவா ஈர மணலிலை நிண்டு, அரிசிப் பையிலை மண் கட்டி, மாசக் கணக்கா இருட்டைப் பாத்துப் பாத்து எடுத்தது. வாழ்க்கையிலை ஒரு உண்மை நிலாவை எடுக்காதவன், அதை வெட்டி ஒட்டினது எண்டு சொன்னன். எல்லாருக்கும் முன்னாலை சொன்னன். போன் நம்பரோடை.

இல்லை, எனக்கு ஒண்டுமில்லை. உந்த லைற் கண்ணுக்குக் குத்துது, அதுதான்.

போன் எடுத்துச் சொல்லலாமே எண்டு கேப்பீர். எத்தினை தரம் நம்பரை அமத்திப்போட்டு வைச்சிருப்பன். மன்னிச்சுக்கொள் எண்டு எங்கட வீட்டிலை ஆர் ஆருக்குச் சொன்னது? அப்பா அம்மாவுக்குச் சொன்னாரோ? நான் பாலாம்பிகைக்குச் சொன்னனோ? கோவம் வந்தால் சாப்பிடாமல் இருப்பம், கோவம் போனால் வந்து சாப்பிடுவம், அவ்வளவுதான். போனிலை என்னெண்டு போய்ச் சாப்பிடுறது? அதுதான் நேரை போவம் எண்டு யோசிச்சனான். கதவைத் தட்டினால் அவள் திறப்பாள். என்ர மூஞ்சியைக் கண்டால் அவளுக்கு விளங்கிடும், நான் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. வாங்கோ அண்ணை, சாப்பிட்டனீங்களோ எண்டு கேப்பாள். சாப்பிடுவன். ஒரு சொல்லுச் சொல்ல ஏலாத மனிசன் உலகத்தின்ர மற்ற அந்தத்துக்குப் போறான் எண்டு நீர் சிரிப்பீர். சிரியும்.

ஆனால் அவள் என்னை மறைச்சு வைச்சிருக்கேக்கை கதவைத் திறப்பாளோ எண்டுதான்… திறக்காட்டி? அங்கை கடற்கரையிலைதான் போய்க் குந்தோணும்.

என்ன, ஏன் அதைத் திருப்புறீர்? என்ர படமோ? வாய் மூடியிருக்கோ? இல்லை… என்ன இது… பச்சையா ஏதோ கிடக்கு. பொறும், கண்ணாடி… என்ர கண்ணாடியை எங்கை வைச்சனீர்? ஆ, தாரும்.

இது சுலோவின்ர பக்கமெல்லே?

எப்பிடி உமக்குத் தெரியுது? ஆருக்கும் தெரியுமோ? அப்ப எனக்கு மட்டும் ஏன்… என்ன? நான் என்ன அமத்தினனான் எண்டோ? உந்தக் கொமென்றை மறைக்கிற பட்டன்… என்ன எழுதியிருந்தது எண்டோ… புளொக் எண்டுதான் எண்டு நினைக்கிறன். அது கொமென்றை மறைக்கிறதில்லையோ? ஆளையோ மறைக்கிறது? …நானோ? அவள் இல்லையோ? நானோ அவளை மறைச்சது?

ஐயோ பிள்ளை.

சரி. காட்டும். கீழை இறக்கும். எல்லாம் கிடக்கு… அந்தப் பத்தும் கிடக்கு. உதென்ன, நிலா ரெண்டு கிடக்கு? ஒண்டு நான் எழுதினது. மற்றது… அதே நிலா. அதே நிலாதான், ஆனால் பொட்டுக் கீழை நிக்குது. நேரா நிக்குது. எப்ப போட்டவள்? நான் அப்பிடி எழுதின அடுத்த நாளோ? இவ்வளவு நாளும் இதிலையோ கிடந்தது? கீழை என்னவோ எழுதியிருக்கிறாள், சின்ன எழுத்து. நீர் வாசியும். …என்ன? ஒருக்காத் திருப்பி வாசியும்.

"லண்டனிலை இருந்து பாக்கிற என்ர அண்ணைக்கு. கழுத்து நோகக் குடாதெண்டு நிலாவைத் திருப்பி வைச்சிருக்கிறன்."

…

…

என்ன மின்னினது? எடுத்திட்டீரோ? இப்பவோ? நான் கதைச்சுக்கொண்டெல்லே… கதைக்கேல்லையோ? கொஞ்ச நேரமாக் கதைக்கேல்லையோ? காட்டும். …ஓம். வாய் மூடித்தான் இருக்கு. ஆனால் கண்ணாடி போட்டுக்கொண்டெல்லே இருக்கிறன், கண் ரெண்டும் சிவந்துபோய், மூக்கு வீங்கி… உதைப் பாஸ்போட்டுக்கு எடுக்கமாட்டாங்கள். திருத்துறீரோ? திருத்தலாம்தான், எனக்கே தெரியும், ரெண்டு நிமிச வேலை. சிவப்பை எடுத்துப்போட்டு…

வேண்டாம். கையை எடும். அப்பிடியே விடும்.

பாஸ்போட்டுக்குப் பேந்து ஒண்டு எடுப்பம், நான் வாயே திறக்கமாட்டன், சத்தியம். முதல் நான் அமத்தின பட்டனை எப்பிடித் திருப்பி அமத்திறது எண்டு காட்டும். அமத்திப்போட்டு இந்தப் படத்தை அவளின்ர பக்கத்திலை போடும். ஒண்டும் எழுதத் தேவையில்லை, ஸ்ரூடியோப் பேர் வேண்டாம், நம்பர் வேண்டாம். இல்லை, இல்லை, அப்பிடி இல்லை பிள்ளை. தலைகீழாப் போடும். அவளுக்கு அங்கை இருந்து பாக்க நேராத் தெரியட்டும்.